பைப்புக்கு வயதாகவில்லை

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தில், பதினான்கு மாதங்களுக்குள் மூன்றாவது முறையாகக் குளியலறைச் சுவரை உடைத்திருக்கிறார்கள். வருகிற பிளம்பர் ஒவ்வொருவரும் ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பைப்புக்கு வயசாயிடுச்சுண்ணா" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முறையாகப் பொருத்தினால் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டிய சிபிவிசி என்கிற, வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக் பைப்புக்கு ஆறே வருடத்தில் என்ன வயதாகிவிட்டது?

இந்த முறை உடைத்தெடுத்த எல்போவை, அதாவது பைப்பைத் திருப்பும் வளைவு இணைப்பை, நான் குப்பைக்குப் போகவிடவில்லை. கையில் வாங்கிப் பார்த்தேன். பைப்பின் முனை அதற்குள் பாதி தூரம்கூடப் போயிருக்கவில்லை. கோணலாக அறுத்த முனையில் பிசிறு அப்படியே நிற்கிறது. ஒட்டும் பசையான சால்வெண்ட் ஒரு பக்கம் கட்டியாகத் திரண்டிருக்க, எதிர்ப்பக்கத்தில் பூசிய தடமே இல்லை. நேராக அறுத்து, பிசிறு நீக்கி, ஈரம் துடைத்து, இரு பக்கமும் பசை பூசி, கால் சுற்றுத் திருப்பி முழுவதும் உள்ளே செலுத்தி, சற்று நேரம் அசையாமல் பிடித்திருக்க வேண்டும் என்பது தொழில் கற்ற எவருக்கும் தெரியும். பசை இறுகச் சில மணி நேரமாவது விட வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் எங்கள் கட்டடத்தில் பாயிண்டு கணக்கில், அதாவது தண்ணீர் எடுக்கும் இடம் ஒன்றுக்கு இவ்வளவு என்று, கூலி பேசியிருந்தார்கள். ஒரு நாளில் எத்தனை பாயிண்டு முடிகிறதோ அவ்வளவு காசு என்றால், பசை காயும்வரை யார் காத்திருப்பார்கள்? பைப் பொருத்தியவரைவிட, அப்படிக் கூலி பேசிவிட்டு, பைப்பில் தண்ணீரை அழுத்தி நிரப்பி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனையைச் செய்யாமலே டைல்ஸ் ஒட்டச் சொன்ன கட்டுநர் மீதுதான் எனக்கு அதிகக் கோபம்.

மூன்று முறையும் ஒழுகியது இணைப்பில்தான், நடுப்பைப்பில் அன்று. முதல் முறை பித்தளைக் குழாயை பிளாஸ்டிக் மரைக்குள் ஸ்பானர் போட்டு முறுக்கியதில் மரை விரிந்து கீறியிருந்தது. கையால் இறுக்கி, அதன்மேல் ஒரு சுற்றுப் போதும் என்ற இடத்தில், டெஃப்லான் டேப்பையும் மலைபோல் சுற்றி, முழு பலத்தையும் காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் முறை இன்னும் மோசம். மாடியில் உள்ள சோலாரிலிருந்து இறங்கும் வெந்நீர்ப் பாதையில், குளிர்ந்த நீருக்கென்றே உள்ள யூபிவிசித் துண்டு ஒன்றை ஒட்டுப் போட்டிருந்தார்கள். சிபிவிசி 90 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். யூபிவிசி 60 டிகிரியிலேயே தளர்ந்துவிடும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்ததற்கு, கீழ்வீட்டு அம்மாவின் பீரோவும் அதிலிருந்த பட்டுப்புடவைகளும் நனைந்தன.

இத்தகைய அரைகுறை இணைப்புகளை இந்த ஊரின் தண்ணீர் விநியோகம் சும்மா விடாது. காவேரித் தண்ணீர் எங்கள் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது. காலியாகக் கிடக்கும் பைப்பில் தங்கிய காற்றைத் தள்ளிக்கொண்டு அது பாய்ந்து வரும்போது சுவருக்குள் சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம் கேட்கும். மோட்டார் சட்டென்று நிற்கும்போதும் அதே அடிதான். அப்போது தண்ணீர் திரும்பிப் பாயாமல் தடுக்க வேண்டிய ஒருவழி வால்வு எங்கள் கட்டடத்தில் பழுதாகியே நான்கு மாதம் ஆகிறது. ஒவ்வொரு அடியும் விழுவது அந்தப் பாதி ஒட்டிய எல்போவின்மேல்தான். பழைய வீடுகளின் ஜிஐ பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பில், கதை வேறு: மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுவதால் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். அதையாவது வயது என்று ஒப்புக்கொள்ளலாம்.

சுவரை உடைப்பதற்கு முன், வெளியே கசிந்த இடத்தில் இரவு பத்து மணிக்கு ஒரு 15 லிட்டர் வாளியை வைத்தேன். காலை ஆறு மணிக்கு முக்கால் வாளி நிறைந்திருந்தது. கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் லிட்டர். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரும் தண்ணீர் இது. 2024 கோடையில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தபோது நாங்கள் பாத்திரம் கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றினோம். சுவருக்குள் ஆயிரம் லிட்டரை ஒழுகவிட்டவரை ஒருவரும் கேட்கவில்லை.

இந்த முறை நானே கைப்பம்பும் அழுத்தமானியும் வாடகைக்கு எடுத்து வந்திருக்கிறேன். டைல்ஸ்காரர் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டுவிட்டார், சிமெண்ட் கலக்கலாமா என்று. நாளை மாலைவரை முள் இறங்காமல் நின்றால் வரச் சொல்கிறேன், அதுவரை சுவர் திறந்தே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.