அடாப்டர் இருக்கும்போது லென்ஸை ஏன் விற்க வேண்டும்?

"கேனான் ஈஓஎஸ் ஆர்பி வாங்கினால் பழைய இஎஃப் லென்ஸ் எதுவும் வேலை செய்யாது, எல்லாவற்றையும் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடுங்கள்" என்று நண்பர் சொல்லியிருப்பது தவறு. இதை நம்பி யாரும் அவசரப்பட வேண்டாம். ஆர்பி ஒரு மிரர்லெஸ் கேமரா, அதில் லென்ஸ் மாட்டும் வளையம் (மவுன்ட்) ஆர்எஃப் வகை; இஎஃப் என்பது கேனானின் டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் மவுன்ட். இரண்டையும் இணைக்கும் வளையம்தான் அடாப்டர்.

இஎஃப் கேமராவில் மவுன்ட்டுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 44 மி.மீ, ஆர்எஃப் மவுன்ட்டில் 20 மி.மீ. மிச்சமுள்ள 24 மி.மீட்டரை நிரப்புவதுதான் அடாப்டரின் வேலை. உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது, மின் இணைப்பு மட்டும்தான். அதனால் படத்தின் தரம் குறையாது, ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும்.

நண்பர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருப்பது, சிறிய சென்சார் டிஎஸ்எல்ஆர்களுக்கான இஎஃப்-எஸ் லென்ஸ் விஷயத்தில். அவையும் பொருந்தும், ஆனால் கேமரா தானாகவே படத்தின் ஓரங்களை வெட்டி கிராப் செய்துவிடும். 26 மெகாபிக்சலில் சுமார் 10 தான் மிஞ்சும். என் பழைய கேனான் 60டி டிஎஸ்எல்ஆரே 18 தருமே! அவற்றைத் தாராளமாக விற்கலாம். கேனானின் பழைய ஈஓஎஸ் எம் வரிசை கேமராக்களுக்கான இஎஃப்-எம் லென்ஸ்களோ ஆர்எஃப் மவுன்ட்டில் மாட்டவே மாட்டா.

அப்புறம் எடை. பேட்டரியோடு ஆர்பி 485 கிராம், 60டி 755 கிராம். சரி, பாடியில் குறைந்தது. ஆனால் ஒன்றரைக் கிலோ 70-200 எஃப்2.8 லென்ஸை மாட்டினால் 'காம்பாக்ட்' எங்கே? 160 கிராம் 50 எம்எம் எஃப்1.8 போதும் என்பவருக்குத்தான் அந்த லாபம் கையில் தெரியும்.

நான் 60டி பாடியையும் கிட் லென்ஸையும் மட்டும் கொடுத்தேன். இஎஃப் 50 இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அடாப்டரோடு.