இடித்தது ரயில்வே கம்பெனிதான்
லண்டன் சவுத்வர்க் பகுதியில் குதிரை வண்டிப் பயணிகள் தங்கிச் சென்ற பழைய ஜார்ஜ் விடுதி, ரயில் வந்து குதிரை வண்டிகள் நின்றதும் தானாகவே நலிந்துபோனது என்று அதைப் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது பாதிதான் சரி. வளாகத்தைச் சரக்குக் கிடங்காகப் பயன்படுத்திய கிரேட் நார்தர்ன் ரயில்வே கம்பெனி, முற்றத்தைச் சுற்றியிருந்த கட்டடத்தில் பெரும்பகுதியை 1889இல் இடித்தே தள்ளியது. 1676 தீ விபத்துக்குப் பிறகு எழுப்பிய கட்டடம், எவ்வளவு பெரிய இழப்பு! மிஞ்சியது தெற்குப் பக்கம் மட்டும். மாடி அறைகளின் வாசலையொட்டி ஓடும் திறந்த மரத் தாழ்வாரமும் கைப்பிடிக் கிராதியும் அங்கே இன்றும் இருக்கின்றன. இப்படித் தாழ்வாரத்தோடு தப்பிய வண்டி விடுதி லண்டனில் வேறு கிடையாது. ‘இப்போது வெறும் மதுக்கடைதானே’ என்று இந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய நண்பருக்கு: 1937 முதல் அது பழம்பெரும் கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. அந்தக் காலத்திலும் வண்டிக்குக் காத்திருந்தவர்கள் அங்கே குடித்துச் சாப்பிட்டவர்கள்தான், அந்தப் புழக்கம் தொடர்வதில் எனக்கு மகிழ்ச்சியே.