‘பி’ என்றால் போத்தல் முழுக்கக் குடிக்கலாமா?

என் தம்பி பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு, கணக்கில் புலி, ஆனால் பானப் போத்தலில் நியூட்ரி-கிரேட் (சிங்கப்பூரில் பானங்களின் சீனி, நிறைவுற்ற கொழுப்பு அளவைப் பார்த்து ‘ஏ’ முதல் ‘டி’ வரை போடும் தர முத்திரை) ‘பி’ என்று பார்த்துவிட்டால் போதும், அரை லிட்டரையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு “நல்லதுதான்கா” என்கிறான். எரிச்சலாக வருகிறது. அந்த எழுத்து 100 மில்லிலிட்டருக்கான கணக்குடா! ‘பி’ என்றால் அதில் 5 கிராம் வரை சீனி இருக்கலாம், அப்போது 500 மில்லி போத்தலில் 25 கிராம், ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி. 2022 டிசம்பர் கடைசியிலேயே வந்த முத்திரை இது. அவன் நண்பர்களும் அப்படித்தான், போத்தலைத் திருப்பிப் பின்பக்க அட்டவணையைப் படிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சரி, காப்பிக்கடையில் ‘தே ஓ கோசோங்’ (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று கேட்கவாவது பழகினார்களா? அதுவும் இல்லை. நேற்று ராத்திரி பரீட்சைக்குப் படித்தவன் மேசையில் மூன்று காலிப் போத்தல்கள், மூன்றிலும் அதே ‘பி’.