பக்கத்து விண்மீன்களின் கோள்களை நேரில் பார்க்க வேண்டும்

சூரியனை அல்லாமல் பிற விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களில் உறுதி செய்யப்பட்டவற்றின் எண்ணிக்கை 2025-இல் 6,000-ஐத் தாண்டியது. அந்தச் செய்தியைப் படித்தபோது மகிழ்ச்சியைவிட ஆதங்கமே மிஞ்சியது. அவற்றில் நாம் நேரடியாகப் படம் பிடித்தவை நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பெரும்பாலானவை, கோள் குறுக்கே கடக்கும்போது விண்மீனின் ஒளி சற்றுக் குறைவதை வைத்துக் கண்டறியப்பட்டவை. அந்த முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. கோளின் பாதை நம் பார்வைக் கோட்டில் சரியாக அமைய வேண்டும். சூரியனைப் போன்ற விண்மீனைப் பூமியின் தொலைவில் சுற்றும் கோளுக்கு அந்த வாய்ப்பு ஏறத்தாழ 200-இல் 1 தான். ஆக, நமக்கு மிக அருகில் உள்ள கோள்களையே இந்த முறை பெரும்பாலும் தவறவிடுகிறது.

அதனால்தான், விண்மீனின் ஒளியை மறைத்து அருகில் உள்ள மங்கலான கோளைப் பார்க்க உதவும் கரோனாகிராஃப் மீது எனக்கு இவ்வளவு ஈடுபாடு. கிரகணத்துக்குக் காத்திராமல் சூரியனின் ஒளிவளையத்தைப் பார்ப்பதற்காக பெர்னார் லியோ என்ற பிரெஞ்சு வானியலாளர் 1930-களின் தொடக்கத்தில் உருவாக்கிய கருவி அது. விண்மீனின் பிம்பம் விழும் இடத்தில் ஒரு மறைப்பு வைப்பார்கள். விளிம்பு விளைவால் ஓரங்களில் சிதறும் ஒளியை அடுத்து வரும் தடுப்பு வெட்டிவிடும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பூமி, காணுறு ஒளியில் சூரியனைவிட ஏறத்தாழ ஆயிரம் கோடி மடங்கு மங்கலானது. ஆடியின் பரப்பில் கண்ணுக்கே தெரியாத மேடுபள்ளம் இருந்தாலும் கசியும் ஒளி புள்ளி புள்ளியாகத் திரளும். ஒவ்வொரு புள்ளியும் பார்வைக்கு ஒரு கோளைப் போலவே இருக்கும்.

போலியைப் பிரித்தறியும் உத்தி ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. தொலைநோக்கியைச் சற்றே சுழற்றி மீண்டும் படம் எடுக்கிறார்கள். கருவியால் உண்டான புள்ளி படத்தில் அதே இடத்தில் நிற்கும். உண்மையான கோள் வானத்தோடு சேர்ந்து இடம் மாறிவிடும்.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி ஏற்கெனவே நிறையச் சாதித்துவிட்டது. சுமார் 12 ஒளியாண்டு தொலைவில் எப்சிலான் இண்டி விண்மீனைச் சுற்றும் குளிர்ந்த பெருங்கோளின் படம் 2024-இல் வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், 4 ஒளியாண்டுகளுக்குச் சற்று அப்பால் உள்ள ஆல்ஃபா சென்டாரி ஏ அருகே ஒரு மங்கிய புள்ளியைப் பதிவு செய்தது. சனியின் நிறையை ஒத்த கோளாக இருக்கலாம் என்றார்கள். 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மீண்டும் பார்த்தபோது அது தென்படவில்லை. விண்மீனை மிகவும் நெருங்கி ஒளிக்குள் மறைந்திருக்கலாம் என்று கணக்குகள் காட்டுகின்றன. நமக்கு மிக அருகில் உள்ள சூரியன் போன்ற விண்மீன் அது. அதற்கு ஒரு கோள் உண்டா இல்லையா என்பதை இத்தனை ஆண்டுக்குப் பிறகும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது என்னைத் தூங்கவிடாத கேள்வி.

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன். நாசாவின் நான்சி கிரேஸ் ரோமன் விண்வெளித் தொலைநோக்கியில் உள்ள கரோனாகிராஃப், கசியும் ஒளியை வெறுமனே மறைப்பதோடு நிற்காது. நுண்ணிய உந்திகள் பொருத்திய இரண்டு வளையும் ஆடிகள் தம் வடிவத்தை மாற்றி, அந்த ஒளியின் அலைகள் குறுக்கீட்டு விளைவால் ஒன்றையொன்று அழிக்கும்படி செய்யும். இவ்வளவு திறமையான கருவியைத் 'தொழில்நுட்பச் செயல்விளக்கம்' என்று வகைப்படுத்தி, முதல் ஒன்றரை ஆண்டில் சுமார் மூன்று மாதம் மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள். ரோமனின் மற்ற ஆய்வுகள் முக்கியமானவைதான், மறுக்கவில்லை. ஆனால் பூமி போன்ற கோள்களின் காற்றில் ஆக்சிஜனையும் மீத்தேனையும் தேடப்போகும் வருங்காலப் பெரிய தொலைநோக்கி முழுக்க இந்த நுட்பத்தையே நம்பியிருக்கிறது. 2021-இல் அமெரிக்க வானியலாளர்களின் பத்தாண்டுத் திட்ட அறிக்கை பரிந்துரைத்தது அந்தத் தொலைநோக்கியைத்தான்.

கருவி எதிர்பார்த்தபடி வேலை செய்தால் அந்த மூன்று மாதத்தோடு நிறுத்தக் கூடாது. சுமார் 45 ஒளியாண்டு தொலைவில் 47 அர்சே மேஜோரிஸ் என்ற விண்மீன் இருக்கிறது. அதைச் சுற்றி வியாழனைவிடப் பெரிய கோள் இருப்பது, விண்மீனின் தள்ளாட்டத்தை வைத்து 1996-இலேயே தெரியவந்தது. அதுபோன்ற கோள்கள் எதிரொளிக்கும் ஒளியைப் பிரித்து நிறமாலை எடுக்க, ரோமனின் நேரத்தைக் கூடுதலாக ஒதுக்குங்கள்.