மலை ஏரியில் ஸ்கூபா டைவிங் கடலைவிடப் பாதுகாப்பானதா?

"உயரமான மலை ஏரியில் காற்றழுத்தம் குறைவு. அதனால் உடலில் நைட்ரஜன் குறைவாகவே சேரும், கடலைவிட அதிக நேரம் ஸ்கூபா டைவிங் செய்யலாம்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. காற்றழுத்தம் குறைவு என்பது சரி. ஆனால் முடிவு தவறு, உயிருக்கே ஆபத்தானது.

பெரு, பொலிவியா எல்லையில் உள்ள டிட்டிகாக்கா ஏரியை எடுத்துக்கொள்வோம். உயரம் சுமார் 3,810 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. கடலில் 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்தால் அழுத்தம் பாதியாகும். டிட்டிகாக்காவில் அதே 10 மீட்டருக்கு ஐந்தில் இரண்டு பங்காகச் சரிந்துவிடும். சுவாசித்த காற்றிலிருந்து உடலில் கரைந்த நைட்ரஜன், மேலே வரும்போது குமிழியாகி ஆபத்தை உண்டாக்குவது இந்த விகிதத்தைப் பொறுத்தது. எனவே அங்கே 20 மீட்டர் இறங்குவதை, கடலில் சுமார் 30 மீட்டர் இறங்கியதாகக் கணக்கிட வேண்டும்.

எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும், கடலுக்கான டைவ் அட்டவணையை அங்கே அப்படியே பயன்படுத்தாதீர்கள். இந்தக் கணக்கைப் போடும் டைவ் கம்ப்யூட்டர் என்ற கருவி உயரத்தைத் தானாக அறியுமா, நாம்தான் அமைக்க வேண்டுமா என்று முன்பே பாருங்கள்.

அப்புறம், விமானத்தில் வந்து இறங்கிய கையோடு தண்ணீருக்குள் போகாதீர்கள். கடல் மட்டத்தில் சேர்ந்த நைட்ரஜன் உடலில் இன்னும் மிச்சமிருக்கும். டைவ் முடிந்ததும் இன்னும் உயரமான கணவாய் வழியாக வண்டியில் திரும்புவதும் ஆபத்து.