புளியரைச் சாலையின் நீல அச்சு

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் சாலையில், எஸ் வளைவுக்குச் சற்றுக் கீழே, பாரம் ஏற்றிய லாரிகளின் எடை தாங்காமல் தார் முதலைத் தோலைப் போல வெடித்திருந்த ஓரிடத்தைச் சென்ற கோடையில் குனிந்து நின்று படம் எடுத்தேன். கைபேசித் திரையில் அது வெறும் பழுதடைந்த சாலையாகத்தான் தெரிந்தது. அதையே சயனோடைப் என்னும் நீல அச்சு முறையில் அச்சிட்ட பிறகுதான் அதற்குள் ஓர் ஓவியம் இருப்பதைக் கண்டேன்.

ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த முறை இது. இரண்டு இரும்பு உப்புக் கரைசல்களைக் கலந்து தாளில் தூரிகையால் பூசி, இருட்டில் உலர்த்தி, படத்தின் அளவிலேயே எடுத்த நெகட்டிவை அதன்மேல் வைத்து வெயிலில் காட்ட வேண்டும். பிறகு தண்ணீரில் அலசினால், வெயில் படாத இடத்தின் பச்சை மஞ்சள் கரைந்துபோய், பட்ட இடம் நீலமாக நிற்கும். சாலைகளுக்கும் பாலங்களுக்கும் பொறியாளர்கள் வரைந்த திட்டப் படங்களைப் பல பத்தாண்டுகள் இதே முறையில்தான் நகலெடுத்தார்கள். புளூபிரிண்ட் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. காகிதத்தில் நீலமாகப் பிறந்த சாலை, தேய்ந்து வெடித்த பின் மீண்டும் நீலத்துக்கே திரும்புவது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது.

அந்த அச்சில் வெடிப்புகள் ஆற்றுக் கிளைகளாக அடர்நீலத்தில் ஓடுகின்றன; தேய்ந்த ஜல்லிகள் வெளிர்ந்து நிற்கின்றன. தாரில் புதைந்த ஒரு சோடா மூடியின் விளிம்பு, டயர்கள் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பானதால், வெள்ளை வளையமாக விழுந்திருக்கிறது. சித்திரை வெயிலில் பத்து நிமிடத்தில் முடியும் வேலை, ஆனிச் சாரலில் அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். அந்தக் காத்திருப்பை நான் குறையாக நினைக்கவில்லை. ஒரு கையளவு சாலையை அவ்வளவு நேரம் நான் வேறு எதற்காகவும் பார்த்ததில்லை.

பழுதை அழகாக்கிக் காட்டுவது முறையா என்று நண்பர் ஒருவர் வருத்தத்துடன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த அச்சு எதையும் மறைக்கவில்லை என்பதே என் கருத்து. வெடிப்பில் மழைநீர் இறங்கி, அடித்தளம் இளகி, ஜல்லி பெயர்ந்த வரிசை அதில் அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் சுவரில் இருந்த அச்சைப் பார்த்ததும், "சார், இது வளைவுக்குக் கீழ இருக்கிற பள்ளம்தானே?" என்று கேட்டு, இடது சக்கரம் இறங்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.