டக்கென்ற சத்தம் டிஸ்க் ஏறுகிற சத்தம் அல்ல

“கைரோபிராக்டிக்கில் (முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருப்பும் சிகிச்சை) ஒரு தடவை டக்கென்று எடுத்தால் விலகிய டிஸ்க் உள்ளே போய்விடும், முதுகுவலி திரும்ப வராது” என்று மேலே எழுதியிருக்கிற அண்ணனுக்கு: அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக் குழி உண்டாவதால் வருவது. டிஸ்க் என்பது முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி அவற்றோடு ஒட்டியிருப்பது, தள்ளினால் ஏறி உட்காராது.

சுத்த ஏமாற்று என்றும் சொல்ல மாட்டேன். 2017-ல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிசியன்ஸ் என்கிற மருத்துவர் சங்கம், முதுகுவலிக்கான மருந்தில்லா வழிகளில் ஒன்றாக இதையும் சேர்த்தது. ஆனால் கிடைக்கிற பலன் சின்னது, உடற்பயிற்சியும் கிட்டத்தட்ட அதையே தருகிறது. இங்கிலாந்தில் சிகிச்சை முறைகளை வகுக்கிற நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதலோ பயிற்சியோடு சேர்த்துத்தான் செய்யச் சொல்கிறது. வலி திரும்ப வராமல் தடுப்பதில் பயிற்சிக்குத்தான் ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது.

குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டும் அப்பாவின் முதுகுவலிக்கு என்ன செய்யலாம் என்று கேட்ட தங்கச்சி, தாழ்ந்த பட்டையை வெட்டும்போது அவர் இடுப்பை வளைக்கிறாரா, முட்டியை மடக்குகிறாரா என்று முதலில் பாருங்கள். (மரத்துக்கு மரம் குனிகிற வேலை, வலி வராமல் என்ன செய்யும்!) அப்புறம் பிசியோதெரபி.

கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, மூத்திரம் கட்டுப்படாமல் போனாலோ கைரோவும் வேண்டாம், வர்ம ஆசானும் வேண்டாம். அன்றைக்கே நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப் போங்கள்.